ஹெட்போன் மாறினால் காது டெஸ்ட் ரிசல்ட் ஏன் மாறுகிறது?

போன வருடம் என் அம்மாவுக்கு ஒரு மாத இடைவெளியில் இரண்டு முறை காது டெஸ்ட் எடுத்தோம். அவருக்கு 68 வயது. டிவி சத்தத்தை ஏற்றிக்கொண்டே போனார், போனில் பேரன் 'பாசி' என்றால் அவருக்கு 'பாதி' என்று கேட்டது, பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை. முதல் டெஸ்ட் ஒரு முகாமில் நடந்தது. இரும்புப் பட்டையில் கறுப்பு ரப்பர் மெத்தை வைத்த ஹெட்போனை இரண்டு காதிலும் அழுத்தி மாட்டிவிட்டு, 'பீப்' கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வலது காதுக்கு 4000 ஹெர்ட்ஸில் 65 டெசிபல் என்று ரிப்போர்ட் வந்தது. இரண்டாவது டெஸ்ட் வேறு இடத்தில். அதே காது, அதே 4000 ஹெர்ட்ஸ், ஆனால் 45 டெசிபல். நடுவில் மருந்து எதுவும் சாப்பிடவில்லை, காதைச் சுத்தம்கூடச் செய்யவில்லை. மாறியது ஹெட்போன் மட்டும்தான்.

20 டெசிபல் என்பது சின்ன எண் மாதிரி தெரியும். ஒலி அழுத்தக் கணக்கில் அது பத்து மடங்கு. முதல் ரிப்போர்ட்டை நம்பிக் காது மெஷின் வாங்கியிருந்தால், மெல்லிய சத்தங்களையெல்லாம் தேவைக்கு மேல் ஏற்றிக் கொடுத்திருக்கும், பாத்திரம் உரசினால்கூட அம்மா மெஷினைக் கழற்றி வீசியிருப்பார். அந்த ஒரு மாதத்தில் நான் தேடித் தேடிக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். காது டெஸ்ட்டுக்குப் போகிறவர்களுக்கும், போன் ஆப்பில் காதைச் சோதித்துப் பார்த்துப் பயந்துபோனவர்களுக்கும், நல்ல ஹெட்போன் வாங்க நினைப்பவர்களுக்கும் இது ஒரே விஷயம்தான்: ஹெட்போன் தனி, காது தனி என்று கிடையாது. மாட்டிய அந்த நொடியிலிருந்து இரண்டும் சேர்ந்து ஒரே கருவி.

அடைப்பில்தான் எல்லாம்

ஹெட்போனுக்குள் இருப்பது ஒரு குட்டி ஸ்பீக்கர். காந்தம், அதற்குள் ஒரு கம்பிச்சுருள், சுருளோடு ஒட்டிய மெல்லிய சவ்வு. மின்சாரம் ஏறி இறங்க, சவ்வு முன்னும் பின்னும் ஆடி முன்னால் இருக்கிற காற்றைத் தள்ளி இழுக்கிறது. அறையில் இருக்கிற பெரிய ஸ்பீக்கரும் இதையேதான் செய்கிறது. ஆனால் அது அறை முழுக்க உள்ள காற்றை அசைக்க வேண்டும். ஹெட்போனுக்கு அந்த வேலை இல்லை, சவ்வுக்கும் செவிப்பறைக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு கைப்பிடிக் காற்றை அமுக்கித் தளர்த்தினால் போதும். அதனால்தான் நகக்கண் அளவு சவ்வுகூட இடி மாதிரி பேஸ் கொடுக்கிறது. ஆனால் அந்தக் காற்று வெளியே கசியாமல் இருந்தால்தான்.

இதை இப்போதே சோதித்துப் பார்க்கலாம். காதை முழுக்க மூடுகிற ஹெட்போன் ஒன்றை மாட்டி, மிருதங்கம் நன்றாகப் பதிவான ஏதாவது ஒரு கச்சேரியைப் போடுங்கள். இப்போது ஒரு பக்க மெத்தைக்கு அடியில் ஒரு பென்சிலைச் செருகுங்கள். மிருதங்கத்தின் இடது பக்கமான தொப்பியின் 'தோம்' காணாமல் போகும், வலது பக்கமான வலந்தலையின் 'நம்' அப்படியே இருக்கும். பென்சிலை எடுத்தால் தொப்பி திரும்ப வந்துவிடும். ஹெட்போனும் பாட்டும் மாறவில்லை, ஒரு சின்ன இடுக்கு மட்டும் வந்து போனது.

ஏன் பேஸ் மட்டும் போகிறது என்பதற்கு சைக்கிள் பம்பை நினைத்துக்கொள்ளுங்கள். வாஷர் தேய்ந்த பம்பில் மெதுவாக அழுத்தினால் காற்றெல்லாம் பக்கவாட்டில் கசிந்துவிடும், டயருக்கு ஒன்றும் போகாது. அதே பம்பில் வெடுக்கென்று அழுத்தினால் கசிய நேரம் இல்லாமல் கொஞ்சம் காற்றாவது உள்ளே ஏறும். தாழ்ந்த சுருதி என்பது மெதுவான அசைவு, 100 ஹெர்ட்ஸ் என்றால் விநாடிக்கு 100 முறை. உயர்ந்த சுருதி வெடுக்கென்ற அசைவு, 4000 ஹெர்ட்ஸ் என்றால் விநாடிக்கு 4000 முறை. இடுக்கு வழியாக மெதுவானது கசிந்துபோகிறது, வேகமானது தங்குகிறது. கண்ணாடிக் காம்பு மெத்தையைத் தூக்கிப் பிடித்தாலும், காதோரம் அடர்த்தியான முடி மாட்டினாலும், இயர்பட்டின் ரப்பர் முனை உங்கள் காதுக்கு ஒரு சைஸ் சிறியதாக இருந்தாலும் நடப்பது இதுதான். "இந்த இயர்பட்ல பேஸே இல்லை" என்று திட்டுகிறவர்களில் நிறையப் பேருக்கு அடுத்த சைஸ் முனையை மாட்டினால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். டப்பாவிலேயே மூன்று சைஸ் கொடுக்கிறார்கள், பலர் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை.

வடிவமைப்பு வகைகளும் கிட்டத்தட்ட இந்த அடைப்பை எப்படிக் கையாள்வது என்பதிலிருந்து பிறந்தவைதான். காது மடலின் மேல் உட்காருவது ஒன்று, மடலைச் சுற்றி மூடுவது ஒன்று, குழாய்க்குள் நுழைவது ஒன்று. அப்புறம், முதுகுப்பக்கம் திறந்திருப்பவை. 1968-ல் சென்ஹைசர் நிறுவனம் வெளியிட்ட எச்டி 414 அந்த வகையில் முதலாவது. மஞ்சள் நிறப் பஞ்சு மெத்தையோடு இருக்கும், வெளிச்சத்தம் உள்ளே வரும், உள்சத்தம் வெளியே போகும், ஆனால் பாட்டு தலைக்குள் அடைபட்ட மாதிரி இல்லாமல் காற்றோட்டமாகக் கேட்கும். வீட்டில் தனியாக உட்கார்ந்து கேட்க அது அருமை. பஸ்ஸில் அதே ஹெட்போன் காதுக்கே ஆபத்து, காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

காது ஒரு புல்லாங்குழல் மாதிரி

காதுக் குழாய் பெரியவர்களுக்குச் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம். வெளிப்பக்கம் திறப்பு, உள்பக்கம் செவிப்பறை மூடியிருக்கிறது. ஒரு முனை மூடிய எந்தக் குழாய்க்கும் தனக்கென்று ஒரு சுருதி உண்டு, காலி பாட்டிலின் வாயில் ஊதினால் வருமே, அது மாதிரி. காதுக் குழாயின் நீளத்துக்கு அது 3000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் வருகிறது. அந்தச் சுருதிச் சத்தங்களைக் குழாயும் மடலின் குழியும் சேர்ந்து 15 டெசிபலை ஒட்டி ஏற்றிக் கொடுக்கின்றன. பேச்சில் 'ச', 'த', 'க' போன்ற ஒலிகளைப் பிரித்துக் காட்டும் நுணுக்கங்கள் பெரும்பாலும் 2000 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் இருக்கின்றன என்பதால் இது நமக்குக் கிடைத்த பெரிய வரம்.

பிறந்தது முதல் இந்த ஏற்றத்தோடுதான் எல்லாச் சத்தத்தையும் கேட்டு வருகிறோம், அதனால் மூளை அதை ஏற்றமாகவே நினைப்பதில்லை. இப்போது குழாய்க்குள் ஒரு இயர்போனைச் செருகுங்கள். திறந்த முனை அடைபட்டுவிட்டது, மிச்சமிருக்கிற குழாய் குட்டையாகிவிட்டது, பழைய சுருதி போய்விட்டது. தொழிற்சாலையில் 'எல்லாச் சுருதியும் சமம்' என்று அளந்து செய்த இயர்போன் காதுக்குள் மந்தமாக, போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி கேட்பது இதனால்தான். ஆகவே வடிவமைப்பவர்கள் அந்த 3000 ஹெர்ட்ஸ் மேட்டை வேண்டுமென்றே திரும்பப் போட்டுத் தர வேண்டியிருக்கிறது. எவ்வளவு போடுவது என்பதில்தான் சண்டை. 1972-ல் அமெரிக்காவில் நோல்ஸ் நிறுவனம் கெமார் என்ற அளவுப் பொம்மையைச் செய்தது, சராசரி மனிதத் தலையும் மார்பும், ரப்பர் காது மடலும், செவிப்பறை இருக்க வேண்டிய இடத்தில் மைக்கும் வைத்தது. காது மெஷினுக்காகச் செய்த அந்தப் பொம்மையைத்தான் பிறகு ஹெட்போன்காரர்களும் எடுத்துக்கொண்டார்கள். 2012 வாக்கில் ஹார்மன் என்ற ஆடியோ நிறுவனத்தில் ஆய்வாளர்கள் ஷான் ஆலிவும் டாட் வெல்டியும் நிறையப் பேரை உட்காரவைத்து எந்த அளவு மேடு பிடிக்கிறது என்று கேட்டுக் கேட்டு ஒரு வளைவை வரைந்தார்கள். நல்ல அறையில் நல்ல ஸ்பீக்கர் வைத்தால் செவிப்பறையில் என்ன விழுமோ, ஏறக்குறைய அதையே ஹெட்போனும் கொடுக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். இன்று ஹெட்போன் விமர்சனங்களில் 'ஹார்மன் டார்கெட்' என்று பார்ப்பது அதைத்தான்.

ஆனால் பொம்மைக் காது சராசரிக் காது. உங்கள் காது உங்களுடையது. குழந்தையின் குழாய் சின்னது, அதே இயர்போன் அதே வால்யூமில் குழந்தையின் செவிப்பறையில் பெரியவரைவிட அதிக அழுத்தம் போடும், ஏனென்றால் அமுக்க வேண்டிய காற்று குறைவு. பெற்றோர்கள் தாங்கள் மாட்டிப் பார்த்து "சத்தம் கம்மியாதான் இருக்கு" என்று குழந்தையிடம் கொடுப்பது சரியான சோதனை இல்லை.

டெஸ்ட்டில் பூஜ்யம் என்றால் என்ன?

இனி காது டெஸ்ட்டுக்கு வருவோம், இங்கேதான் ஹெட்போனின் கை ரொம்ப நீளமானது.

ஆடியாலஜிஸ்ட், அதாவது கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணர், உங்களை ஒரு சத்தமில்லாத அறையில் உட்காரவைத்து, 250-லிருந்து 8000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு சுருதியாக பீப் கொடுக்கிறார். கேட்டால் 10 டெசிபல் இறக்குவார், கேட்காவிட்டால் 5 டெசிபல் ஏற்றுவார், இப்படியே இறங்கி ஏறி, பாதித் தடவையாவது கேட்கிற மிகக் குறைந்த அளவைக் கண்டுபிடித்துக் கட்டம் போட்ட தாளில் குறிப்பார். வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. அந்தப் படம்தான் ஆடியோகிராம். மேலே இருந்தால் நல்ல காது, கீழே போகப் போகக் கேட்கும் திறன் குறைவு.

இதில் '0 டெசிபல்' என்று ஒரு கோடு மேலே இருக்கும். சத்தமே இல்லை என்று அதற்கு அர்த்தம் இல்லை. காதில் குறை இல்லாத இளைஞர்கள் சராசரியாகக் கேட்கத் தொடங்கும் அளவு என்றுதான் அர்த்தம். நம் காது எல்லாச் சுருதிக்கும் ஒரே கூர்மையோடு இல்லை. டிடிஎச்-39 என்று ஒரு ஹெட்போன் உண்டு, ராணுவத் தகவல்தொடர்புக் கருவிகள் செய்த டெலிஃபோனிக்ஸ் நிறுவனத்துடையது, உலகம் முழுக்கப் பல பத்தாண்டுகளாகக் காது டெஸ்ட் என்றாலே அதுதான். அம்மாவுக்கு முகாமில் மாட்டியதும் அந்த ரகம்தான். அந்த ஹெட்போனில் 1000 ஹெர்ட்ஸுக்கு '0' வர 7 டெசிபல் ஒலி அழுத்தம் தேவை, 250 ஹெர்ட்ஸுக்கு 25.5 தேவை, 125-க்கு 45. காதின் கூர்மைக் குறைவு, மெத்தை வழியாகப் பேஸ் கசிவது, மெத்தைக்குள் மாட்டிக்கொண்ட உடம்புச் சத்தம், எல்லாம் சேர்ந்து வந்த எண்கள் இவை. பீப் கொடுக்கும் மெஷினான ஆடியோமீட்டர் இந்த அட்டவணையை உள்ளுக்குள் வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் '0' என்று நமக்குச் சமமாக்கிக் காட்டுகிறது.

இந்த அட்டவணை டிடிஎச்-39-க்கு மட்டும்தான். காதுக்குள் செருகும் இயர்போனுக்கு வேறு அட்டவணை, காதைச் சுற்றி மூடும் ஹெட்போனுக்கு வேறு. ஒயர் அறுந்துவிட்டது என்று ஆடியோமீட்டரின் ஹெட்போனைக் கழற்றி, அலமாரியில் இருக்கும் இன்னொன்றைச் செருகினால் சத்தம் வரும், பீப்பும் கேட்கும், படமும் வரும், ஆனால் படத்தில் உள்ள எண்ணுக்கு மதிப்பு இல்லை. ஆடியோமீட்டரும் ஹெட்போனும் ஜோடியாகக் கேலிபரேட் செய்யப்பட்டவை, அதாவது சேர்த்து அளந்து சரிசெய்யப்பட்டவை, தராசும் படிக்கல்லும் மாதிரி. ஒன்றை மாற்றினால் முத்திரை போய்விட்டது.

அந்தக் கேலிபரேஷனை எப்படிச் செய்கிறார்கள் என்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது, இந்தப் பாடத்திலேயே எனக்கு மிக முக்கியமாகப் பட்டது அதுதான். டிடிஎச்-39-ஐ ஒரு உலோகக் கிண்ணத்தின் மேல் வைத்து, கிண்ணத்தின் அடியில் உள்ள மைக்கால் அளப்பார்கள். கிண்ணத்தின் கொள்ளளவு 6 கன சென்டிமீட்டர். சுவர் கெட்டி, மனிதக் காதின் சதையோ மடலின் மடிப்போ அதில் இல்லை. தாழ்ந்த சுருதிகளில் இது பரவாயில்லை. ஆனால் 6000 ஹெர்ட்ஸில் ஒலி அலையின் நீளமே 6 சென்டிமீட்டருக்கும் குறைவு, கிண்ணத்துக்குள் அலைகள் தமக்குள் மோதிக் கூட்டல் கழித்தல் நடக்கிறது, அது நிஜக் காதில் நடப்பதோடு பொருந்தவில்லை. விளைவு, இந்த ஹெட்போனில் 6000 ஹெர்ட்ஸில் மட்டும் நல்ல காதுள்ளவர்களுக்கும் சில டெசிபல் பள்ளம் விழுகிறது.

சில டெசிபல்தானே என்று விட முடியாது. இரைச்சலால் கெட்டுப்போன காதின் அடையாளமே 3000-லிருந்து 6000 ஹெர்ட்ஸுக்குள் விழும் ஒரு பள்ளம்தான். பிரஸ் ஷாப்பிலும் தறிக்கூடத்திலும் வேலை செய்பவர்களுக்கு வருடா வருடம் டெஸ்ட் எடுப்பது இந்தப் பள்ளம் வருகிறதா என்று பார்க்கத்தான். 6000-ல் மட்டும் ஒரு சின்னப் பள்ளத்தைப் பார்த்து 'இரைச்சல் பாதிப்பு' என்று எழுதிவிட்டால், அது அந்தத் தொழிலாளியின் காதா, ஹெட்போனா என்று யார் கேட்பது? நஷ்டஈடு, வேலை மாற்றம், அவருடைய பயம் எல்லாம் அந்த ஒரு புள்ளியில் தொங்குகிறது. 4000-லும் பள்ளம் இருக்கிறதா, 8000-ல் மறுபடி மேலே ஏறுகிறதா, இன்னொரு வகை இயர்போனில் எடுத்தாலும் அது நிற்கிறதா என்று பார்க்காமல் முடிவு சொல்லக்கூடாது.

6000, 8000 இரண்டிலுமே ஹெட்போனைக் கழற்றி மறுபடி மாட்டினால்கூட எண் மாறும். அரை சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்தால் போதும். வருடத்துக்கு வருடம் ஒப்பிடும்போது 5 டெசிபல் வித்தியாசத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாததற்கு இதுவும் ஒரு காரணம்.

அம்மாவின் காதில் நடந்தது

சரி, அம்மாவுக்கு என்ன ஆனது? இரண்டாவது இடத்தில் இருந்த ஆடியாலஜிஸ்ட் ஒரு இளம்பெண். அவரும் முதலில் பழைய மாதிரி ஹெட்போனில்தான் எடுத்தார், ஏறக்குறைய அதே 65 வந்தது. பிறகு காதுக்குப் பின்னால் எலும்பில் ஒரு சின்ன அதிர்வுக் கட்டையை வைத்து எடுத்தார். அது காதுக் குழாயைத் தொடாமல், மண்டை எலும்பு வழியாக நேரே உள்காதுக்குச் சத்தத்தைக் கொண்டுபோகும். அதில் 4000-ல் 45. உள்காது 45-ல் கேட்கிறது, வெளிவழியாக வந்தால் 65 தேவைப்படுகிறது என்றால், நடுவில் எதுவோ அடைக்கிறது. வழக்கமாக நடுக்காதில் நீரோ, செவிப்பறையில் ஓட்டையோ இருந்தால் இப்படி வரும், ஆனால் அப்போது தாழ்ந்த சுருதிகளிலும் வித்தியாசம் தெரிய வேண்டும். அம்மாவுக்கு மேல் சுருதியில் மட்டும்தான்.

அவர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, விரலால் அம்மாவின் காது மடலை மெல்லப் பின்பக்கம் அமுக்கிக் காட்டினார். குழாயின் வாய் ஒரு கோடு மாதிரி மூடிக்கொண்டது. வயதானால் அந்தக் குருத்தெலும்பு தளர்ந்துவிடும், ஹெட்போனின் இறுக்கமே குழாயை மூடப் போதும் என்றார். மூடிய வாய் வழியாகத் தாழ்ந்த சத்தம் ஓரளவு நுழையும், மெல்லிய உயர்ந்த சத்தம் தடைபடும். காதில் இல்லாத ஒரு குறையை ஹெட்போனே உண்டாக்கி, ஹெட்போனே அளந்து கொடுத்துவிட்டது.

"அம்மா, தோட்டைக் கொஞ்சம் கழட்டிடுங்க" என்றார். அம்மா தயங்கினார், பிறகு கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். அந்தப் பெண் ஒரு மஞ்சள் பஞ்சு முனையை எடுத்து, விரல்களுக்கு நடுவில் உருட்டி உருட்டித் திரி மாதிரி ஒல்லியாக்கினார். அம்மாவின் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து, பஞ்சை ஆழமாகச் செருகி, அது ஊதிப் பெருத்துக் குழாயை நிரப்பும்வரை விரலை எடுக்காமல் அரை நிமிடம் பிடித்திருந்தார். பஞ்சின் நடுவில் ஒரு மெல்லிய குழாய், அதன் மறுமுனை சட்டையில் மாட்டிய ஒரு சின்னப் பெட்டி. "அடைச்ச மாதிரி இருக்கு கண்ணு" என்றார் அம்மா. "அடைச்சாத்தாம்மா சரியா இருக்கும்" என்றார் அவர். இப்படி எடுத்தபோதுதான் ரிப்போர்ட்டில் உள்ள அந்த 45 வந்தது.

இந்த வகை இயர்போனை 1980-களில் உருவாக்கியவர் மீட் கில்லியன், எட்டிமோட்டிக் ரிசர்ச் என்ற நிறுவனத்தைத் தொடங்கியவர். பஞ்சே குழாயைத் திறந்து பிடித்துக்கொள்வதால் குழாய் மூடும் பிரச்சினை கிடையாது. வெளிச்சத்தத்தையும் நன்றாகத் தடுக்கும், ஆழமாகச் செருகினால் 30 டெசிபலுக்கு மேல். முகாம்களில் பக்கத்து மேஜைப் பேச்சும் மின்விசிறிச் சத்தமும் உள்ளே வந்து 250, 500 ஹெர்ட்ஸ் பீப்களை மூழ்கடிப்பது சகஜம், காதின் மேல் உட்காரும் ஹெட்போன் அந்தத் தாழ்ந்த சத்தங்களைக் கிட்டத்தட்ட அப்படியே உள்ளே விட்டுவிடும்.

இன்னொரு நன்மையும் உண்டு. பழைய ஹெட்போனில் ஒரு காதுக்குச் சத்தம் 40 டெசிபலைத் தாண்டினாலே மண்டையோடு அதிர்ந்து மறுபக்கக் காதுக்கும் போகத் தொடங்கிவிடும். ஒரு காது முழுக்கச் செவிடான ஒருவருக்குக்கூட, நல்ல காது எட்டிக் கேட்டுவிட்டுப் பொத்தானை அழுத்தவைக்கும், படத்தில் செவிட்டுக் காதும் ஓரளவு கேட்கிற மாதிரி வரும். அதனால்தான் டெஸ்ட்டின் நடுவில் ஒரு காதில் 'உஷ்' என்று இரைச்சல் போட்டுவிட்டு மறு காதைச் சோதிக்கிறார்கள். செருகும் இயர்போன் தலையைத் தொடும் பரப்பு குறைவு என்பதால் இந்தக் கசிவும் குறைவு. ஆனால் காதில் சீழ் வடிகிறவர்களுக்கு, குறும்பி அடைத்திருப்பவர்களுக்கு இதைச் செருக முடியாது, குறும்பியை இன்னும் உள்ளே தள்ளிவிடும். அவர்களுக்குப் பழைய ஹெட்போனோ சுற்றி மூடும் வகையோதான்.

போன் ஆப்பில் எடுத்த டெஸ்ட்

இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டு, போனில் இலவசமாகக் கிடைக்கும் காது டெஸ்ட்டைப் பாருங்கள். உங்கள் இயர்போன் எது என்று அதற்குத் தெரியாது. ஒரே வால்யூமில் இரண்டு இயர்போன்களுக்கு நடுவில் 10, 15 டெசிபல் வித்தியாசம் சாதாரணம். பேஸைத் தூக்கிக் கொடுக்கும் இயர்போனில் 250 ஹெர்ட்ஸ் நன்றாகக் கேட்கும், முனை கசிந்தால் அதே 250 கேட்காது. சில புளூடூத் இயர்பட்கள் சத்தம் ரொம்பக் குறைந்தால் தாங்களே ஊமையாகிவிடும், மெல்லிய பீப் உங்கள் காதுக்கு வந்தே சேர்ந்திருக்காது. இந்த எண்ணைப் பார்த்துத் தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம், அதைவிட முக்கியமாக, இந்த எண்ணைப் பார்த்து 'எனக்கு ஒன்றுமில்லை' என்று இருந்துவிடவும் வேண்டாம்.

இதைத் தாண்ட இரண்டு வழிகளை யோசித்திருக்கிறார்கள், இரண்டுமே அழகானவை. ஒன்று, இயர்போனையும் டெஸ்ட்டையும் ஒருவரே செய்வது. ஆப்பிள் 2024-ல் ஏர்பாட்ஸ் ப்ரோ 2-க்குக் கொடுத்த காது டெஸ்ட் அப்படிப்பட்டது. எந்த இயர்பட் என்பது தெரியும், முனை சரியாக அடைத்திருக்கிறதா, சுற்றுச்சத்தம் அதிகமா என்பதையெல்லாம் மைக் வழியாகப் பார்த்துவிட்டுத்தான் டெஸ்ட்டுக்குள் விடும்.

இரண்டாவது, எண்ணைக் கேட்பதையே விட்டுவிடுவது. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட செயலி பீப் போடுவதில்லை. இரைச்சலுக்கு நடுவில் மூன்று எண்களைச் சொல்லும், கேட்டதை அழுத்த வேண்டும், சரியாகச் சொன்னால் இரைச்சலோடு ஒப்பிடும்போது குரல் இன்னும் தாழும். குரலும் இரைச்சலும் ஒரே இயர்போன் வழியாகத்தான் வருகின்றன, இயர்போன் ஒன்றை ஏற்றினால் மற்றதையும் ஏற்றும், இறக்கினால் இரண்டையும் இறக்கும், விகிதம் பெரிதாக மாறுவதில்லை. சாதாரண இயர்போனுக்கே இது போதும். ஆடியோகிராம் இது கொடுக்காது, ஆனால் டாக்டரிடம் போக வேண்டுமா வேண்டாமா என்று ஓரளவு நம்பிச் சொல்லும். சந்தையில், கல்யாண வீட்டில் பேச்சு புரியவில்லை என்பதுதானே பெரும்பாலோரின் முதல் புகார், அதையே நேராகச் சோதிக்கிறது என்பதும் எனக்குப் பிடித்திருக்கிறது.

பஸ் விஷயத்தைச் சொல்கிறேன் என்றேனே. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் பாதுகாப்பு அளவு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும்: 83-ல் 20 மணி, 86-ல் 10, 89-ல் 5. திறந்த ஹெட்போனோ தளர்ந்த இயர்பட்டோ மாட்டி இரைச்சலான பஸ்ஸில் போகிறவர், இரைச்சலுக்கு மேல் பாட்டு கேட்க வேண்டும் என்று வால்யூமை ஏற்றியே ஆகவேண்டும், தினமும் ஒன்றரை மணி நேரப் பயணத்தில் அந்தக் கணக்கு சீக்கிரம் தீர்ந்துவிடும். நன்றாக அடைக்கும் முனையோ, வண்டி இரைச்சலை எதிர் அலையால் அழிக்கும் வகையோ இருந்தால் பாதி வால்யூமே போதும். விலை உயர்ந்த ஹெட்போனால் காதுக்கு என்ன லாபம் என்று கேட்டால், வெளிச்சத்தத்தை அது எவ்வளவு தடுக்கிறது என்பதைத்தான் நான் சொல்வேன். ரோட்டில் நடக்கும்போது மட்டும் ஒரு காதையாவது திறந்து வையுங்கள்.

காது டெஸ்ட்டுக்குப் போகிறீர்கள் என்றால், முந்தின நாள் மேளச்சத்தம், மெஷின் சத்தம் எதுவும் வேண்டாம், களைத்த காது தற்காலிகமாக மந்தமாகவே கேட்கும். குறும்பி இருந்தால் காது மூக்குத் தொண்டை டாக்டரிடம் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். தோடு, கண்ணாடி, ஹேர்பேண்டு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். ஹெட்போனை அவர்தான் மாட்ட வேண்டும், மாட்டியபிறகு கை வைக்காதீர்கள். கேலிபரேஷன் எப்போது செய்தது என்று கேட்கக் கூச்சப்பட வேண்டாம், வருடத்துக்கு ஒரு முறை செய்வது வழக்கம், நல்ல இடங்களில் தேதியை மெஷின் மேலேயே ஒட்டியிருப்பார்கள். வீட்டுப் பெரியவர்களைக் கூட்டிப்போகிறவர்கள், எலும்பு வழியாகவும் எடுத்தார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அம்மாவின் விஷயத்தில் உண்மையைக் காட்டிக்கொடுத்தது அந்தச் சின்ன அதிர்வுக் கட்டைதான்.

அம்மா இப்போது இரண்டாவது ரிப்போர்ட்டின்படி சரிசெய்த மெஷினைக் காலையில் மாட்டி இரவில்தான் கழற்றுகிறார். அந்த ரிப்போர்ட்டின் வலது ஓரத்தில், 4000 ஹெர்ட்ஸ் புள்ளிக்குப் பக்கத்தில், ஆடியாலஜிஸ்ட் பேனாவால் 'இன்செர்ட் போன்' என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறார். அடுத்த வருடம் எங்கே எடுத்தாலும் இந்தத் தாளைக் கொண்டுபோய், இதே மாதிரி இயர்போனில் எடுக்கச் சொல்லுங்கள் என்றார். தாளை லேமினேட் செய்து ரேஷன் கார்டு வைக்கிற உறையிலேயே வைத்திருக்கிறேன்.